சித்திரைக்கு முன்னால் எடுத்துவிடலாமா? தலைப்பிரசவம் பற்றி ஒரு பதில்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள். தலைப்பிரசவம், இப்போது 33 வாரம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி ஏப்ரல் 28. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது, பங்குனி முடிவதற்குள் ஏப்ரல் 12 அன்று நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். எப்பாடு பட்டாவது சுகப்பிரசவம்தான் ஆகவேண்டும் என்கிறார் பெற்ற தாய். இவளோ, அக்கா ஒரு பகலும் ஒரு இரவும் வலியில் கிடந்து கடைசியில் ஆபரேஷனுக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்த வலியையும் பட்டு இந்தத் தையலையும் போட்டுக்கொள்வதற்கு, முதலிலேயே ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் என்ன என்று இவளுக்கே தோன்றுகிறதாம். இதுவரை பிள்ளைக்கும் இவளுக்கும் ஒரு குறையும் இல்லை.

உன்னை நீ என்றே எழுதுகிறேன் தாயி, என் மகளைவிடச் சின்னவள் நீ. மதுரையிலும் சுற்று ஊர்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளில் 30 வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சுகப்பிரசவமும் பார்த்திருக்கிறேன், கத்தி எடுத்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தேதியை முடித்துவிடுவோம், அவசரம் அதற்குத்தான். ஏப்ரல் 28-ல் உனக்கு 40 வாரம் நிறைகிறது என்றால், 12-ம் தேதி 37 வாரமும் 5 நாளும்தான். மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லாமல் அன்றைக்குப் பிள்ளையை எடுக்க வேண்டாம். வயிற்றுக்குள் இருக்கிறவரை பிள்ளையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான் நிறைந்திருக்கும். வலி எடுக்கும்போது சுரக்கிற ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். பிள்ளை வெளியே வந்து முதல் அழுகை அழும்போது பாதி வேலை முடிந்திருக்கும். வலியும் எடுக்காமல் நாளும் நிறையாமல் எடுக்கிற பிள்ளைக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. மூச்சு வேகமாக வாங்கும், முனகும், நெஞ்சு உள்ளே இழுக்கும். பெரும்பாலும் ரெண்டு மூணு நாளில் தெளிந்துவிடும். ஆனால் அந்த ரெண்டு மூணு நாள் பிள்ளை ஒரு வார்டில் பெட்டிக்குள், நீ இன்னொரு வார்டில் தையல் வலியோடு.

அமெரிக்காவில் 2009-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. முன்பே ஆபரேஷன் ஆனவர்களுக்கு, வலி எடுக்கும் முன்னால் நாள் குறித்து மறுபடி ஆபரேஷன் செய்ததைக் கணக்கெடுத்தார்கள். 37-வது வாரத்தில் எடுத்த பிள்ளைகளில் 100-க்கு 15 பேருக்கு மூச்சுத் திணறல், கிருமித்தொற்று, சர்க்கரை இறங்குவது போல ஏதோ ஒரு சிக்கல் வந்தது. 38-ல் 11, 39-ல் 8. ரெண்டு வாரம் பொறுத்ததில் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதனால்தான் காரணம் ஏதும் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும் முன் நாள் குறிக்கக் கூடாது என்று இன்றைக்கு எல்லா டாக்டர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். உன் கணக்கில் அது ஏப்ரல் 21.

உன் மாமியார் மீது எனக்கு வருத்தம் இல்லை. பங்குனிக் கடைசியில் இப்படி வந்து நிற்கிற குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்த்தவள் நான். அவர்கள் எல்லோரும் பேரப்பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்டார்கள். சித்திரை வெயிலில் பச்சை உடம்புக்காரியும் பச்சைப் பிள்ளையும் படுகிற பாட்டை நினைத்துத்தான் ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைத்தார்கள் என்று என் ஆச்சி சொல்வாள். அது கரு உண்டாவதற்கு முன்னால் செய்த யோசனை. வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையை வெளியே இழுத்துவிடச் சொல்லி எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன். அப்பாக்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதை மாமியாரிடம் நீ சொல்லாதே, உன் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல். முடிந்தால் அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வை.

சரி, இப்போது பெரிய கேள்வி. உனக்கு முதல் பிள்ளை, உடம்பில் குறையில்லை, பிள்ளையின் தலை கீழே திரும்பிவிட்டது என்றால், வலி வரும்வரை காத்திருந்து சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய் என்பதுதான் என் பதில். இதை நான் முதலில் அடுத்த பிள்ளைக்காகச் சொல்கிறேன், அப்புறம்தான் இந்தப் பிள்ளைக்காக. ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வலி, தையல், செலவு என்று அந்த ஒரு வாரத்தையே பேசுகிறார்கள். கர்ப்பப்பையில் விழுகிற தழும்பு அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கர்ப்பத்திலும் கூடவே வரும்.

அடுத்த தடவை நஞ்சுக்கொடி கீழே இறங்கி அந்தப் பழைய தழும்பின் மேல் உட்கார்ந்தால், சில பெண்களுக்கு அது தசைக்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை பிறந்த பிறகு பிரிந்து வராது. பிரிக்கப் போனால் ரத்தம் குழாய் திறந்தாற்போல் கொட்டும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிற பெண்களில், ஏற்கனவே 1 ஆபரேஷன் ஆனவர்களுக்கு 100-ல் 11 பேருக்கும், 2 ஆனவர்களுக்கு 40 பேருக்கும் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று 2006-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்குவதே அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதே. ஆனால் அப்படி வந்தவர்களை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். ரெண்டு ஆபரேஷன் முடிந்து மூன்றாவதாக வந்த ஒரு பெண்ணுக்கு, பிள்ளையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் எடுக்கவேண்டி வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். பிழைத்தாள். அவளுடைய முதல் ஆபரேஷனுக்கு என்ன காரணம் என்று பிறகு கேட்டபோது, "நல்ல நாளுன்னு பண்ணுனாங்க டாக்டரம்மா" என்றாள்.

ஒரு தடவை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான் என்று ஊரில் சொல்வது முழுக்கச் சரியில்லை. தழும்பு குறுக்குவாக்கில் இருந்து, வேறு குறையும் இல்லையென்றால், முயற்சி செய்கிறவர்களில் 100-க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரிகிற ஆபத்து 200-ல் ஒருவருக்கு. ஆனால் அந்த ஒருவருக்காக ராத்திரி பகல் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்கவேண்டும். அந்த வசதி உள்ள இடம் குறைவு, பொறுத்துப் பார்க்கிற டாக்டர் அதைவிடக் குறைவு. ஆகவே நடைமுறையில் உன் முதல் பிரசவம்தான் மற்றதையும் தீர்மானிக்கிறது. எத்தனை பிள்ளை வேண்டும் என்று நீயும் உன் வீட்டுக்காரரும் இப்போதே பேசுங்கள். மூன்று என்று ஆசை இருந்தால் நான் சொன்னதற்கு எடை இன்னும் கூடும்.

தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 100 பிரசவத்தில் 45 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுவதற்கும் பார்த்தால் 21 அல்லது 22 தான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது என்னவென்றால், ஒரு நாட்டில் ஆபரேஷன் 100-க்கு 10-ஐத் தாண்டிய பிறகு, கூடக் கூட உயிர்ச்சேதம் அதற்கேற்பக் குறைவதாகத் தெரியவில்லை என்பது. சிக்கலான கேஸ்கள் எல்லாம் கடைசியில் வந்து சேர்கிற இடம் பெரியாஸ்பத்திரி போன்ற அரசு இடங்கள். அப்படியிருந்தும் எண்ணிக்கை தனியாரில்தான் கூடுதல் என்றால், அத்தனையும் உடம்பு கேட்டுச் செய்த ஆபரேஷன் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதை வைத்துக்கொண்டு உன் அம்மா சொல்கிற "எப்பாடு பட்டாவது" என்ற பேச்சுக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரெண்டு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை குறுக்கே கிடந்து, ஒரு கை வெளியே வந்து நீலம் பாரித்திருந்தது. பிள்ளை போய்விட்டது. தாயைக் காப்பாற்றினோம். சரியான நேரத்தில் ஒரு ஆபரேஷன் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு உன்னைவிட வயது கூடுதலாக இருந்திருக்கும். ஆகவே ஆபரேஷன் என்ற சொல்லை நான் ஒரு நாளும் கெட்ட வார்த்தையாகப் பேசமாட்டேன்.

எந்தக் காரணத்துக்கு மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போடவேண்டும் என்றால்: நஞ்சுக்கொடி வாயை மூடிக்கொண்டிருப்பது, வலி எடுத்த பிறகும் பிள்ளை குறுக்கே கிடப்பது, பனிக்குடம் உடைந்து பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி வெளியே வந்துவிடுவது, பிள்ளையின் இதயத்துடிப்பு விழுந்து மறுபடி ஏறாமல் இருப்பது. பிள்ளை புட்டம் கீழே இருந்தால் தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் ஆபரேஷன்தான். ஆனால் 36, 37 வாரத்தில் வயிற்றின் மேலே கை வைத்து மெல்லத் திருப்பிப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதிப்பேருக்குத் திரும்பிவிடும். அது தெரிந்த டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி கேட்கவேண்டிய காரணங்கள் வேறு. "கொடி சுத்தியிருக்கு" என்பது முதலாவது. நாலு பிள்ளையில் ஒன்றுக்கு, சில சமயம் மூன்றில் ஒன்றுக்கு, கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கிறது. தலை வெளியே வந்ததும் விரலால் நழுவவிடுவோம், அவ்வளவுதான். ஸ்கேனில் கொடி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. "தண்ணி கம்மியா இருக்கு" என்றால் எவ்வளவு என்று அளவைக் கேள். ரிப்போர்ட்டில் AFI என்று போட்டிருக்கிற தண்ணீர் அளவு 5-க்குக் கீழே இறங்கினால், அல்லது மிக ஆழமான இடத்திலேயே 2 செ.மீ. கூட இல்லையென்றால்தான் குறைவு என்போம். அப்போதும் பிள்ளையின் ரத்த ஓட்டம் எப்படி, துடிப்பு எப்படி என்று பார்த்துத்தான் முடிவு. வலி வரவழைத்துச் சுகப்பிரசவம் ஆனவர்கள் நிறையப் பேர். "பிள்ளை பெருசு" என்பதில் ஸ்கேன் சொல்கிற எடை 100-க்கு 10, 15 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறலாம். மூன்றரை கிலோ என்று சொன்ன பிள்ளை மூன்று கிலோவாகப் பிறப்பதைப் பார்த்திருக்கிறேன். "நீ குட்டை, இடுப்பெலும்பு சிறுசு" என்று வலி எடுக்கும் முன்னாலேயே தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான். பிள்ளையின் தலையும் வளைந்து கொடுக்கும், இடுப்பும் கொஞ்சம் விரியும். பொருந்துமா என்பது வலியில்தான் தெரியும். குறித்த தேதி தாண்டியது மட்டும் காரணமாகாது. 41 வாரத்தை ஒட்டி வலி வரவழைப்பது பற்றிப் பேசலாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால்கூட, அது ஒன்றுக்காக மட்டும் உடனே கத்தி என்பதில்லை.

கேட்பது எப்படி என்று தயங்காதே. "டாக்டர், இப்ப உடனே எடுக்கணுமா, கொஞ்ச நேரம் பாக்கலாமா? பாத்தா என்ன ஆகும்?" இந்த ஒரு கேள்வி போதும். நேர்மையான டாக்டருக்குக் கோபம் வராது. "உடனே" என்று பதில் வந்தால் அதற்குமேல் யோசிக்காதே.

உன் அக்கா விஷயத்துக்கு வருகிறேன், உன் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பகல் ஒரு இரவு என்கிறாயே, அதில் எத்தனை மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்? தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கிறவரை மெதுவாகத்தான் நகரும். சிலருக்கு அதற்கே ஒரு நாள் ஆகும், அது இயல்புதான். மணிக்கு 1 செ.மீ. திறந்தாகவேண்டும் என்ற பழைய கணக்கை எல்லோருக்கும் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லிவிட்டது. 5 செ.மீ.க்குப் பிறகும் 12 மணி நேரம் வரை போகலாம். ரெண்டு விரல் திறந்த நிலையிலேயே சேர்த்துவிட்டால், ஆள் நடமாட்டமும் அடுத்த கட்டில் அலறலும் கேட்டே பாதித் தெம்பு போய்விடும். பார்க்கிறவர்களுக்கும் பொறுமை போய்விடும். இப்படிச் சீக்கிரம் சேர்ந்தவர்களுக்கு ஆபரேஷன் கூடுதலாக முடிகிறது என்பது பல இடங்களில் கண்டது.

வலி லேசாகக் கிளம்பினால், சூட்டு வலியா நிஜ வலியா என்று வீட்டில் சீரகத் தண்ணி கொடுத்துப் பார்ப்பார்களே, அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. குடி, நட, கொஞ்சம் சாப்பிடு, தூங்க முடிந்தால் தூங்கு. விளக்கெண்ணெய் கொடுத்து வலியைக் கிளப்பப் பார்ப்பார்கள், அது வேண்டாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் போல, ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, பிள்ளையின் துள்ளல் குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காதே, உடனே 108-ஐக் கூப்பிடு. வாடிப்பட்டியிலிருந்து மதுரை 25 கிலோமீட்டர் போலத்தான். ஆனால் அர்த்தராத்திரியில் வண்டி யாருடையது என்று அப்போது தேடக் கூடாது.

வலிக்கு மருந்தும் உண்டு. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துகிற எபிடியூரல் சில தனியார் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். நீ போகிற இடத்தில் உண்டா, ராத்திரியிலும் உண்டா என்று இப்போதே கேட்டு வை. அதைவிட நான் பெரிதாக நினைப்பது கூடவே இருக்கிற ஒரு பெண்துணை. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள்ளேயே ஒரு பெண்துணையை விடுகிறார்கள். பக்கத்தில் விடாமல் ஆள் இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, ஆபரேஷன் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். இடுப்பைத் தேய்த்துவிட்டு, தண்ணி கொடுத்து, "இதோ ஆச்சு" என்று சொல்ல ஒருத்தி வேண்டும். உன் அம்மாவா அக்காவா என்று நீயே முடிவு செய். பயந்த சுபாவம் உள்ளவரைக் கூட்டிப் போகாதே, அவர் அழுதால் நீயும் தளர்ந்துவிடுவாய்.

சுகப்பிரசவத்திலும் சேதாரம் உண்டு, மறைக்க மாட்டேன். கிழியலாம், வெட்டித் தையல் போடலாம், ரெண்டு வாரம் உட்கார முடியாமல் இருக்கலாம். பின்னாளில் இருமினால் சிறுநீர் கசிவது, அடியிறக்கம் போன்றவை ஆபரேஷன் ஆனவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் அன்றைக்கே எழுந்து நடப்பாய், மடியில் போட்டுப் பால் கொடுப்பாய். ஆபரேஷன் என்றால் வலி போய்விடுவதில்லை, பிள்ளை பிறந்த பிறகு வருகிறது. ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காலில் ரத்தம் கட்டுவது ஆகியவை கூடுதல். வலியெடுத்த பிறகு அவசரமாகச் செய்கிற ஆபரேஷனில், நாள் குறித்துச் செய்வதைவிடச் சிக்கல் கொஞ்சம் கூடுதல் என்பதும் உண்மை. உன் அக்காவைப் பார்த்து நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது. இருந்தும் தலை கீழே இருந்து, நாள் நிறைந்து, தானாக வலி எடுத்த பெண்களில் பெரும்பாலோருக்கு அது சுகப்பிரசவமாகத்தான் முடியும். அக்காவுக்கு ஆனதே உனக்கும் ஆகும் என்று எந்த விதியும் இல்லை.

என் மூத்தவன் ஆபரேஷனில் பிறந்தவன், கால் கீழே இருந்தது. "வலி தெரியாமப் பெத்தவ" என்று ஒரு உறவுக்காரி சொன்னது முப்பது வருஷம் கழித்தும் காதில் இருக்கிறது. உனக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டால் யாராவது அப்படிச் சொல்லலாம். முதுகில் போட்ட ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்றும் சொல்வார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், ஆயுசுக்கும் இருக்கிற வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. ஆபரேஷன் ஆனவளுக்குப் பால் வராது என்பதும் தப்பு. தியேட்டரிலேயே பிள்ளையை நெஞ்சில் போடச் சொல், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட யாரையும் விடாதே.

36 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். தலை கீழே இருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, தண்ணீர் அளவு எவ்வளவு, இந்த மூன்றையும் ரிப்போர்ட்டிலிருந்து அப்படியே எனக்கு எழுது. தலை திரும்பாமல் இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி மாறும். அப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.